தூக்கிப்போகும் தண்டவாளம்

களிமண் குழிக்குள் போடும் ரயில்பாதைக்கு முகவரி கிடையாது. ஐந்து மீட்டர் நீளத்தில் இரண்டு மெல்லிய தண்டவாளங்கள், அவற்றுக்குக் குறுக்கே இரும்புத் தகட்டை வளைத்துச் செய்த கட்டைகள், எல்லாம் பட்டறையிலேயே சேர்த்து முடுக்கி வந்த துண்டு. நாலைந்து பேர் கூடினால் ஏணியைப் போலத் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாம். இன்றைக்கு மண் எங்கே வெட்டுகிறார்களோ அங்கே போட்டு, முந்தைய துண்டின் முனையோடு இதன் முனையைச் சேர்த்துப் பட்டையை மாட்டினால் வண்டி ஓடும். அந்த இடத்தில் மண் தீர்ந்ததும் அதே ஆட்கள் அதே துண்டுகளைத் தூக்கிப் பக்கத்தில் போடுவார்கள். ஜல்லி கிடையாது, கரை கிடையாது, ஸ்டேஷன் கிடையாது. கால அட்டவணை என்று ஒன்று இருந்தால் அது மண் வெட்டுகிறவனின் கையில் இருந்தது.

ஊட்டி மலை ரயிலை நாம் குட்டி ரயில் என்கிறோம். அதற்கே தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் அகலம். டார்ஜிலிங் ரயிலுக்கு இரண்டடி. ஐரோப்பாவின் செங்கல் சூளைகளில் பரவலாக ஓடியது 600 மில்லிமீட்டர் பாதை, அதாவது டார்ஜிலிங்கை விடவும் ஒரு நூல் குறைவு. அதிலும் குறுகலான பாதைகள் உண்டு. பிரான்சில் பால் தெகோவில் என்ற பண்ணைக்காரர் 1875இல் தம் சர்க்கரைக் கிழங்கு வயலில் சேற்றில் சிக்கிய விளைச்சலை வெளியே கொண்டுவர இந்தத் தூக்கு தண்டவாளத்தைச் செய்தார். அடுத்த ஆண்டே பெர்லினில் ஓரன்ஸ்டைன் அண்டு கோப்பல் நிறுவனம் தொடங்கியது. வயல், கரும்புத் தோட்டம், கல்குவாரி, சூளை என்று உலகம் முழுக்க அது இந்தச் சின்னத் தண்டவாளத்தையும் எஞ்சினையும் விற்றது. முதல் உலகப் போரில் பீரங்கிக் குண்டுகளைப் பதுங்குகுழி வரை கொண்டுபோனதும் இதே 600 மில்லிமீட்டர் பாதைதான். போர் முடிந்ததும் ராணுவத்தில் மிஞ்சிய தண்டவாளங்களும் வண்டிகளும் மலிவாகச் சூளைக்காரர்களிடம் வந்து சேர்ந்தன.

பெரிய ரயில் நின்றுபோனால் ஊரில் ஏதாவது மிஞ்சும். மேட்டுக்கரை இருக்கும், பாலத்தின் தூண் இருக்கும், ஸ்டேஷன் கட்டடத்தில் யாராவது ரேஷன் கடை வைத்திருப்பார்கள். இருந்த இடத்திலேயே நிற்கக் கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட ரயில் நின்றுபோனால் என்ன மிஞ்சும்? அந்த ஊர்க்காரர்கள் எதைப் பிடித்துக்கொண்டு அதை நினைத்துப் பார்ப்பார்கள்? பெர்லினுக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், ஹாஃபல் ஆற்றங்கரையில் இருக்கும் ட்சேடெனிக் என்ற சிறு நகரத்தையும் அதை ஒட்டிய மில்டன்பெர்க் கிராமத்தையும் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விட்டபாடில்லை.

அந்த ஊரின் கதை ரயிலில்தான் தொடங்குகிறது, ஆனால் பெரிய ரயிலில். 1887இல் ட்சேடெனிக் வழியாக ரயில்பாதை போடத் தோண்டியபோது கெட்டியான களிமண் படுகை அகப்பட்டது. அதற்குத் தெற்கே பெர்லின் வீங்கிக்கொண்டிருந்தது. 1871இல் எட்டு லட்சத்துச் சொச்சம் பேர் இருந்த நகரம் 1905 வாக்கில் இருபது லட்சத்தைத் தொட்டது. வந்து சேர்ந்த கூலிக்காரர்களை அடைக்க ஐந்து மாடி வாடகைக் குடியிருப்புகள் தெருத்தெருவாக எழுந்தன. முற்றத்துக்குப் பின்னால் முற்றம், அதற்கும் பின்னால் இன்னொரு முற்றம். அத்தனைக்கும் செங்கல் வேண்டும். ட்சேடெனிக்கில் களிமண் இருந்தது, கல்லை ஏற்றிப்போக ஆறு இருந்தது. இருபதே வருஷத்தில் ஆற்றோரம் ஐம்பதுக்கும் மேற்பட்ட வளையச் சூளைகள் முளைத்தன. 1910ஐ ஒட்டிய உச்சத்தில் ஆண்டுக்கு 60 கோடிக்கும் மேற்பட்ட கற்கள் அங்கிருந்து போயின. பெர்லின் படகிலிருந்து கட்டப்பட்ட ஊர் என்று அந்தப் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு. செங்கல் படகுக்கே ஒரு அளவு இருந்தது: 40 மீட்டர் நீளம், நாலரை மீட்டருக்குச் சற்று மேல் அகலம். வழியிலுள்ள கால்வாய் மதகுகளில் நுழையும் அளவு அது.

படகைப் பற்றிப் பேசுகிறார்கள், சூளையைப் பற்றிப் பேசுகிறார்கள். குழிக்கும் சூளைக்கும் நடுவே ஓடியதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நான் சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அக்கால ஜெர்மன் செங்கல்லின் அளவு 25க்கு 12க்கு ஆறரை சென்டிமீட்டர். வெந்த கல் மூன்றரைக் கிலோ என்றால் பச்சைக்கல்லாக நாலரைக் கிலோவாவது இருக்கும். 60 கோடிக் கல்லுக்கு 27 லட்சம் டன் ஈரமண். ஒரு தொட்டி வண்டியில் ஒன்றேகால் டன் ஏறும் என்று வைத்தால் ஒரு வருஷத்துக்கு இருபத்தொரு லட்சம் வண்டிக்கு மேல். பனி விழும் மாதங்களில் கல் அறுக்க முடியாது. பச்சைக்கல் உறைந்தால் பிளந்துபோகும். ஆகவே வருஷத்தில் ஆறு மாதம்தான் வேலை. எல்லா மண்ணும் தண்டவாளத்திலேயே வந்ததாகக் கொண்டால், அந்தச் சின்ன வட்டாரத்தில் தினமும் பன்னிரண்டாயிரம் வண்டி மண் குழியிலிருந்து மேலே ஏறியிருக்க வேண்டும். கணக்கில் முன்னே பின்னே இருக்கலாம். அந்தக் காலத்துச் சத்தத்தை ஊகிக்க இது போதும்.

அந்த வண்டியைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். நாலு சிறிய சக்கரங்கள் மேல் ஒரு இரும்புச் சட்டம். இரண்டு முனையிலும் வளைந்த தாங்கி. அதன்மேல் அடி குறுகி வாய் அகன்ற இரும்புத் தொட்டி ஆடிக்கொண்டிருக்கும். தொட்டியைப் பிடித்து நிறுத்த ஒரு கொக்கி. கொக்கியைத் தட்டிவிட்டுத் தோளைக் கொடுத்துத் தள்ளினால் தொட்டி பக்கவாட்டில் சாய்ந்து மண் கொட்டும். மணலோ ஜல்லியோ என்றால் கொட்டும், களிமண் கொட்டாது. ஈரக் களிமண் இரும்பைப் பிடித்தால் விடாது. பாதித் தொட்டி மண் அப்பிக்கொண்டு நிற்கும். மண்வெட்டியால் சுரண்ட வேண்டும், அதற்குள் பின்னால் வரும் வண்டிகள் வரிசை கட்டிவிடும். சாயும் தொட்டி திரும்பி அடித்தால் விரல் போகும். வண்டிக்கும் வண்டிக்கும் நடுவே இணைப்பு என்பது சங்கிலியும் முளையும்தான். ஓடும்போதே நடுவில் கைவிட்டு முளையை உருவுகிறவர்கள் இருந்தார்கள். அந்த வேலையைச் செய்தவர்களின் கையைப் பார்த்தே எத்தனை வருஷ சர்வீஸ் என்று சொல்லிவிடலாம் என்று மில்டன்பெர்க்கில் ஒரு பெரியவர் சொன்னார்.

அவர் அங்கே எஞ்சின் ஓட்டியவர். ஜெர்மனி இரண்டாக இருந்த காலத்தில், கிழக்குப் பக்கத்து அரசு ஆலையில். பெர்லினில் இருக்கும் என் மகள் மொழிபெயர்த்துச் சொல்ல, நாங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். பாதை எங்கே போயிற்று என்று வரைந்து காட்டச் சொன்னேன். அவர் சிரித்தார். எந்த வருஷத்துப் பாதை என்று கேட்டார். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது போன வழி இப்போது ஏரிக்கு நடுவில் இருக்கிறது. கடைசியாக ஓட்டிய வழி ஏரியின் அந்தப் பக்கத்துக் கரையில் புதருக்குள். அவருக்கு நினைவில் இருந்தது பாதை அல்ல, மழை பெய்த மறுநாள். ராத்திரி மழை பெய்தால் காலையில் தண்டவாளத்தின் ஒரு பக்கம் சேற்றில் அமுங்கியிருக்கும். எஞ்சின் தாண்டிவிடும், மூன்றாவது வண்டி இறங்கிவிடும். உடனே இறங்கி, ஒரு மரச்சட்டத்தை நெம்புகோலாகக் கொடுத்து, நாலு பேர் மேலே தொங்கி, சக்கரத்தை ஏற்ற வேண்டும். நம் ஊரில் ரயில் தடம் புரண்டால் பத்திரிகையில் வரும். அங்கே தடம் புரளாத நாளைத்தான் நோட்டில் குறித்திருக்க வேண்டும் போலிருக்கிறது.

ஊர்ப்பிள்ளைகளுக்கு வேறு நினைவு. சூளைக் குழி இருந்த எந்த ஊருக்குப் போனாலும், ஜெர்மனியோ இங்கிலாந்தோ பெல்ஜியமோ, இந்தக் கதையைக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை, காவலாளி அசந்த நேரம், காலி வண்டி ஒன்றை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவது. எல்லாரும் ஏறிக்கொண்டு குழியைப் பார்த்து விடுவது. கடைசி நிமிஷத்தில் குதிப்பது. குதிக்காதவனின் தழும்பு எல்லா ஊரிலும் ஒருவரிடம் இருக்கிறது. மில்டன்பெர்க் பக்கத்து மூதாட்டி ஒருவர் தம் அண்ணனின் முட்டியைப் பற்றிப் பேசினார். அப்பாவிடம் மாட்டிக்கொள்ளாமல் இருக்க மாட்டுக்கொட்டிலில் விழுந்ததாகச் சொன்னானாம். அப்பாவும் அதே குழியில் வேலை பார்த்தவர். அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கும் என்பது மூதாட்டியின் கட்சி.

இப்படித்தான் அந்த ரயில் மிஞ்சியிருக்கிறது: ஒருவர் முட்டியில், இன்னொருவர் விரல்நுனியில். இதை நான் சோகமாகச் சொல்லவில்லை. வரைபடத்தில் ஏறிய ரயிலுக்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. அதை நினைக்கிறவர்கள் எல்லாரும் அந்த வழியிலேயே நினைக்கிறார்கள். இந்த ரயிலுக்கு ஆள் ஆளுக்கு ஒரு வழி. ஒருவர் சொல்வதை இன்னொருவர் மறுக்கவும் முடியாது. இருவரும் வெவ்வேறு வருஷத்தில் நின்று பேசுகிறார்கள்.

மறுக்க முடியாத சாட்சி ஒன்று இருக்கிறது. அது தண்ணீர். களிமண் எடுத்த குழிகளில் நீர் ஊறி, ட்சேடெனிக்கைச் சுற்றி ஐம்பதுக்கும் மேற்பட்ட ஏரிகள் நிற்கின்றன. நாணல் வளர்ந்து, வாத்தும் கொக்கும் வந்து, இன்று அது பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி. படகு வாடகைக்கு விடுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், சைக்கிளில் வருகிறவர்கள் இது பனியுகத்து ஏரி என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கரைகள் மட்டும் காட்டிக்கொடுக்கும். இயற்கையான ஏரிக்கு இவ்வளவு நேரான கரை வராது. சங்கிலியில் வாளிகளைக் கோத்த தோண்டு எந்திரம் தண்டவாளத்தின் மேல் நின்றுகொண்டே கரையைச் சீவிப்போன கோடு அது. எந்திரம் ஒரு நடை போய்வந்ததும் தண்டவாளத்தை ஒரு முழம் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஒவ்வொரு கரையும் அந்தப் பாதை கடைசியாக நின்ற இடம்.

இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல சுற்றுலாக் கட்டுரையாகிவிடும். ஹாஃபல் ஆற்று வழியிலேயே பெர்லினை நோக்கிக் கீழே வந்தால் ஒரானியன்பர்க். அங்கே 1938இல் நாஜிகளின் எஸ்.எஸ். படை தன் சொந்த நிறுவனத்தின் பெயரில் ஒரு பிரம்மாண்டமான செங்கல் ஆலையைத் தொடங்கியது. ஹிட்லரும் அவருடைய கட்டடக் கலைஞர் ஆல்பர்ட் ஷ்பேரும் பெர்லினை இடித்துக் கட்டப்போகும் புதிய தலைநகருக்குக் கல் வேண்டும். பக்கத்திலேயே சாக்ஸன்ஹவுஸன் சித்திரவதை முகாமில் கூலி கொடுக்கத் தேவையில்லாத ஆட்கள் இருந்தார்கள். முகாமிலிருந்து அவர்களை வரிசையாக நடத்திக்கொண்டு வருவார்கள். காட்டை வெட்டி நிலத்தைச் சமன்படுத்தியதும், படகுத்துறை தோண்டியதும், ஆலை கட்டியதும் கைதிகள்தான். அங்கேயும் இதே சின்னத் தண்டவாளம், இதே தொட்டி வண்டி. எஞ்சினுக்குப் பதில் ஆட்கள். ஓட்டமும் நடையுமாகத் தள்ள வேண்டும். தடம் புரண்டால் நெம்ப மரச்சட்டம் தேடிக்கொண்டிருக்க நேரம் கொடுக்க மாட்டார்கள். சாக்ஸன்ஹவுஸன் கைதிகள் வாயில் அந்த ஆலையின் பெயரே தண்டனையின் பெயராக இருந்தது. 1939இல் முதலில் சுட்டெடுத்த கற்கள் பொடிந்துபோயின என்பது அந்த ஆலையின் வரலாற்றில் உள்ள செய்தி. கல் சரியாக வராவிட்டாலும் ஆள் சாவது நிற்கவில்லை, ஆயிரக்கணக்கில் செத்தார்கள்.

இந்த வண்டிகளைச் செய்துவந்த ஓரன்ஸ்டைன் அண்டு கோப்பலின் கதையும் இங்கே வந்து சேர்கிறது. ஓரன்ஸ்டைன் யூதக் குடும்பம். நாஜி ஆட்சி வந்ததும் நிறுவனம் அவர்கள் கையிலிருந்து பிடுங்கப்பட்டது; 1940இல் அவர்கள் பெயரையும் பலகையிலிருந்து எடுத்துவிட்டார்கள். போருக்குப் பிறகு, பாபெல்ஸ்பெர்க்கில் இருந்த அதே தொழிற்சாலை கிழக்கு ஜெர்மனியின் அரசு ஆலையாகிக் கார்ல் மார்க்ஸ் பெயரை வைத்துக்கொண்டது. நான் பேசிய பெரியவர் ஓட்டியது அங்கே செய்த டீசல் எஞ்சின். குறுக்குவாட்டில் உட்கார்ந்து ஓட்டும் ஒரு தகரப் பெட்டி, மேலே வெயிலுக்கு ஒரு கூரை. அதன் தகட்டில் யார் பெயர் எப்போது மாறியது என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

1945இல் பெர்லின் இடிந்து கிடந்தது. ஏழரைக் கோடி கன மீட்டர் இடிபாடு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். லாரி இல்லை, பெட்ரோல் இல்லை, ஆண்கள் பலர் இல்லை. பெண்கள் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றிக் கல்லைக் கீழே இறக்கி, சுத்தியலால் பழைய சுண்ணாம்பைத் தட்டி, முழுக்கல்லை அடுக்கி, உடைந்ததை வண்டியில் கொட்டினார்கள். எந்த வண்டி? குழியிலிருந்து மண் ஏற்றிய அதே தொட்டி வண்டிதான். நகரத் தெருக்களின் நடுவே, டிராம் ஓடிய சாலைகளின் மேல், தூக்கு தண்டவாளத்தைப் போட்டு இடிபாட்டு ரயில்கள் ஓடின. ஆற்றோரத்தில் களிமண்ணாக ஏறி, நகரத்தில் சுவராக நின்றது, அறுபது எழுபது வருஷத்துக்குள் அதே மாதிரித் தொட்டியில் சல்லியாகத் திரும்ப ஏறியது. பிரீட்ரிக்ஸ்ஹைன் பூங்காவில் விமான எதிர்ப்புக் கோபுரங்களின் மேல் கொட்டி மூடி மலையாக்கினார்கள். இப்போது அதன்மேல் ஜனங்கள் நாயோடு நடக்கிறார்கள். நகரத்தின் மேற்கே, பிற்பாடு லாரிகளில் கொண்டுபோய்க் குவித்த டாய்ஃபல்ஸ்பெர்க் குன்று கடல்மட்டத்திலிருந்து 120 மீட்டர். வடக்கே பள்ளம், தெற்கே மேடு. நடுவில் ஓடிய தண்டவாளத்தை எங்கேயும் காணோம்.

இடியாமல் நின்ற குடியிருப்புகளும் ஏராளம். என் மகள் இருப்பது அப்படி ஒன்றில், மூன்றாவது மாடி. அவளுக்கு ஒரு படம் மாட்ட ஆணிக்குத் துளை போட்டேன். முதலில் வெள்ளைப் பூச்சு உதிர்ந்தது, பிறகு சிவப்புத் தூள். தெருப்பக்கம் சுதைவேலைப்பாடும் தேவதை முகங்களுமாக இருக்கும் அந்தக் கட்டடத்துக்கு உள்ளே எல்லாம் செங்கல்தான். எந்தச் சூளைக் கல் என்று யார் கண்டார்கள்? மகள் துடைப்பத்தை எடுத்து வந்து, "அப்பா, போதும்பா, கீழ்வீட்டுக்காரங்க புகார் பண்ணுவாங்க" என்றாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆணி அடிக்கக் கூடாதாம்.

கிழக்கு ஜெர்மனி எழுபதுகளில் கான்கிரீட் பலகைகளால் பெருமளவில் வீடு கட்டியபோதே செங்கல்லுக்கு இறங்குமுகம். நாடு ஒன்றாகிச் சந்தை திறந்ததும் ட்சேடெனிக் சூளைகள் தாக்குப்பிடிக்கவில்லை. 1991க்குள் நெருப்பு அணைந்தது. தண்டவாளத்தைப் பிரிக்கும் வேலை விசித்திரமானது. கடைசித் துண்டைக் கழற்றி வண்டியில் ஏற்றி, ஒரு துண்டு பின்வாங்கி, அதையும் கழற்றி ஏற்றி, இப்படியே வாசல் வரை வர வேண்டும். அந்த ரயில் கடைசியாகச் சுமப்பது தன்னையேதான். பழைய இரும்புக்கு நல்ல விலை இருந்த காலம் வேறு.

1997இல் மில்டன்பெர்க்கின் இரண்டு பழைய சூளைகளை அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். வளையச் சூளைக்குள் போய் நிற்கலாம். சின்ன ரயிலில் ஏறி ஏரிக்கரையோரம் ஒரு சுற்று வரலாம். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். பெஞ்சு போட்டு, கூரை போட்டு, விசில் அடித்து, டிக்கெட் கிழிக்கிறார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சின்ன ரயில் என்றாலே விளையாட்டுச் சாமானாகிவிடும் ஆபத்து இருக்கிறது. அளவு சிறிதாக இருப்பதாலேயே அதன் பாரம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. பெரிய எஞ்சினைப் பார்த்தால் யாருக்கும் கொஞ்சம் பயம் வரும். இடுப்புயர வண்டியைப் பார்த்தால் தடவிக்கொடுக்கத் தோன்றுகிறது.

சின்னத் தண்டவாளங்களுக்கென்றே ஒரு ரசிகர் கூட்டம் ஐரோப்பா முழுக்க இருக்கிறது. சனி ஞாயிறுகளில் எண்ணெய்க் கறை படிந்த சட்டையோடு வந்து, துருவெடுத்து, பெயின்ட் அடித்து, தங்கள் கைக்காசைப் போட்டு எஞ்சின்களை ஓடவைக்கிறார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்த மிச்சமும் காயலான் கடைக்குப் போயிருக்கும்; அந்த நன்றி எனக்கு உண்டு. எந்த எஞ்சின், எந்த வருஷம், எத்தனை குதிரைத்திறன் என்று கேட்டால் மூச்சுவிடாமல் சொல்வார்கள். சூளையில் உழைத்தவருக்கு அந்த நம்பர் ஒன்றும் தெரியாது. எந்த எஞ்சின் குளிர்காலத்தில் கிளம்பாது, எதன் இருக்கை முதுகை முறிக்கும் என்று தெரியும். இரண்டு அறிவும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கின்றன. முதல் வகை அச்சேறிவிட்டது. இரண்டாவது வகை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது, வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

அந்த வளையச் சூளையைப் பார்த்தபோதுதான் என் தாய்மாமன் ஞாபகம் வந்தது. நீள்வட்டச் சுரங்கம் போல ஒரு கட்டடம். உள்ளே நெருப்பு ஓரிடத்தில் நிற்காமல் சுற்றிக்கொண்டே போகும். நெருப்புக்கு முன்னால் பச்சைக்கல் அடுக்குவார்கள், பின்னால் வெந்த கல்லைப் பிரிப்பார்கள். உள்ளே வரும் காற்று ஆறும் கல்லைத் தொட்டுச் சூடேறி நெருப்புக்குப் போகும். வெளியேறும் புகை பச்சைக்கல்லை உலர்த்திவிட்டுப் போகும். மேலே துளைகள், அவற்றின் வழியே நிலக்கரித் தூளைக் கொட்டுவார்கள். 1858இல் பிரீட்ரிக் ஹோஃப்மன் காப்புரிமை வாங்கிய முறை இது. கூரையைக் கழற்றிவிட்டுத் தரையில் பள்ளமாக வெட்டினால் நம்ம ஊர் சேம்பர். 1870களில் புல் என்ற ஆங்கிலப் பொறியாளர் இந்தியாவுக்கு ஏற்ப மலிவாக்கிக் கொடுத்த வடிவம் அது. செங்குன்றத்திலிருந்து ஊத்துக்கோட்டை போகும் பக்கமெல்லாம் புகைபோக்கிகளோடு நிற்கும் சூளைகள் ட்சேடெனிக் சூளைகளுக்கு ஒன்றுவிட்ட தம்பிகள். மாமா அப்படி ஒரு சேம்பரில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர்.

ஜெர்மனியிலிருந்து வந்த பிறகு அவரிடம் போட்டோக்களைக் காட்டினேன். சூளையை உடனே அடையாளம் கண்டுகொண்டார். அடுப்பு வாய், அடுக்கு, எல்லாவற்றையும் விரலால் தொட்டுக் காட்டிச் சொன்னார். தண்டவாளத்தில் வந்ததும் விரல் நின்றது.

"ஏன் மாமா, நம்ம சூளையிலேயும் இப்படிப் போட்டிருக்கலாமே?"

"ஆள் இருக்கும்போது ரயில் எதுக்கு மாப்ளே?" என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கணக்கு சொன்னார். தண்டவாளத்துக்கு மொத்தமாக முதல் போட வேண்டும், வண்டி வாங்க வேண்டும், கெட்டால் பார்க்க ஆள் வேண்டும். தலைச்சுமைக்கு ஒரு முன்பணம் போதும். அதுவும் கடனாக அவர்கள் கணக்கிலேயே ஏறும்.

ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா மாவட்டங்களிலிருந்து அறுவடைத் திருவிழா முடிந்ததும் குடும்பம் குடும்பமாக ரயிலேறித் திருவள்ளூர்ப் பக்கத்துச் சூளைகளுக்கு வருகிறார்கள். முன்பணம் கையில் வாங்கியாயிற்று. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. மழைக்கு முன் ஜூனில் திரும்பும்போது கணக்குத் தீர்ந்தால் உண்டு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் எத்தனை முறை வருவாய்க் கோட்டாட்சியர்கள் சூளைகளுக்குப் போய்க் குடும்பங்களை மீட்டு விடுதலைச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நாளிதழ் படிக்கிறவர்கள் அறிவார்கள். ஜெர்மனியிலும் லிப்பே என்ற சின்ன நாட்டிலிருந்து ஆண்கள் வசந்தத்தில் கிளம்பி வடக்கே சூளை சூளையாக வேலை செய்து இலையுதிர் காலத்தில் ஊர் திரும்பியவர்கள்தான். அவர்களுடைய ஊரில் இன்றைக்கு அவர்களைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது, காட்சிக்கூடம் இருக்கிறது. பலாங்கீர்க்காரருக்குத் திருவள்ளூரில் என்ன இருக்கிறது?

என் மாமா சொன்ன காரணம்தான் முழுக் காரணம் என்று நான் நினைக்கிறேன். ஒரு நாட்டில் சூளைக்குள் தண்டவாளம் வந்ததா இல்லையா என்பதை மண்ணோ மழையோ தீர்மானிக்கவில்லை. ஒரு ஆள் ஒரு நாளைக்கு எவ்வளவு விலை என்பது தீர்மானித்தது. ஆள் விலை பூஜ்யமாக ஆக்கப்பட்ட ஒரானியன்பர்க்கில் தண்டவாளம் இருந்தும் எஞ்சினுக்கு வேலை இல்லை. நம் சேம்பர்களில் இப்போது பொக்லைன் வந்துவிட்டது, டிராக்டர் வந்துவிட்டது. குழியிலிருந்து மண் எந்திரத்தில் வருகிறது. அச்சிலிருந்து களத்துக்கும், களத்திலிருந்து சூளைக்கும் பச்சைக்கல் இன்னும் தலையிலும் தள்ளுவண்டியிலும்தான் போகிறது. சும்மாட்டின் மேல் பலகை, பலகையின் மேல் கல். அந்த நடைபாதையும் களம் மாறும்போது மாறும். அதற்கும் வரைபடம் இல்லை.

மில்டன்பெர்க் அருங்காட்சியகத்தாரிடம் என் யோசனையைச் சொல்லிவிட்டு வந்தேன். அலுவலகத்தில் இருந்த இளம்பெண் மரியாதையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பத்து மீட்டர் தண்டவாளம் போடுங்கள். கொஞ்சம் ஏற்றமாக, குழியில் இருந்த மாதிரியே. ஒரு தொட்டி வண்டியில் ஈரக் களிமண்ணை நிரப்பி வையுங்கள். ரயில் சுற்று முடிந்து இறங்குகிறவர்களில் விருப்பமுள்ள இரண்டு பேர் அதை மேலே தள்ளி, கொக்கியைத் தட்டி, கொட்டிப் பார்க்கட்டும். மண் கொட்டாது, மண்வெட்டி ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்று அந்தப் பெண் சொன்னார். பக்கத்தில் நின்ற பழைய எஞ்சின் டிரைவர் என் மகளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அந்தக் காலத்தில் எங்களுக்கும்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம்.